கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: குமரி வரலாற்று ஆய்வு நூல்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வு நூலை நம்மில் பலர் வாசிக்கும் முறை ஒன்றுதான். முன்னுரையில் ஆரம்பித்து, பதினைந்தாம் பக்கத்தில் கண் சொக்கி, அப்புறம் அந்தப் புத்தகத்தை அலமாரிக்கு அலங்காரமாக விட்டுவிடுவது. நானும் நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் அரசுக் கையேட்டை, 1906இல் வந்த அந்த மூன்று தடித் தொகுதிகளை, இரண்டு முறை இப்படித் தொடங்கித் தோற்றிருக்கிறேன். மூன்றாம் முறை சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த சொல்லடைவில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அங்கிருந்து அடிக்குறிப்பு, அடிக்குறிப்பிலிருந்து இன்னொரு நூல் என்று போய், அன்று சாப்பாட்டு நேரமே தவறிப்போனது.

குமரி மாவட்டத்துக்காரருக்கு இந்த விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்–கொச்சி. அதனால் தமிழ்நாட்டு வரலாறு என்ற தலைப்பில் வரும் நூல்களில் நாம் ஓரத்தில் ஒரு பத்தி. கேரள வரலாற்றில் தெற்கே ஒரு பத்தி. ஆவணங்கள் திருவனந்தபுரத்தில், மிஷன் கடிதங்கள் லண்டனில், டச்சுக்காரர் எழுதியவை நெதர்லாந்தில். நம் கதை சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்து வாசிக்கத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: கையில் ஒரு கேள்வி

"குமரி வரலாற்றைப் படிக்கப் போகிறேன்" என்று கிளம்பாதீர்கள், அது கடல். "எங்கள் ஊர்க் குளத்தை வெட்டியது யார்?", "என் பாட்டியின் பாட்டி ரவிக்கை போட்டிருப்பாளா?", "பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்க, அதைக் கேரள அரசு பார்த்துக்கொள்வது ஏன்?" என்பது போல ஒரு கேள்வி போதும். கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாக நூல் திறக்கும். கேள்வியை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறும்போதெல்லாம் அந்தத் தாள் இழுத்துக்கொண்டு வரும்.

இரண்டாம் படி: யார் எழுதிய நூல், எங்கிருந்து எழுதிய நூல்

நம் மாவட்டத்தைப் பற்றிய ஆய்வு நூல்களை நான் ஐந்து அடுக்காக வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது அரசு அடுக்கு. சங்குண்ணி மேனன் 1878இல் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு, நாகம் அய்யாவின் கையேடு, 1940இல் வேலுப்பிள்ளை எழுதிய நான்கு தொகுதிகள் எல்லாம் இதில் வரும். சங்குண்ணி மேனனும் நாகம் அய்யாவும் திவான் பேஷ்கார்களாக, அதாவது திருவிதாங்கூரின் உயர் அரசு அதிகாரிகளாக இருந்தவர்கள். அரசரின் சோற்றைத் தின்றவர்கள் என்று சொன்னால் கொஞ்சம் கடுமை, ஆனால் மறக்கக் கூடாத கடுமை.

அடுத்தது மிஷன் அடுக்கு. ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததில் தொடங்கி லண்டன் மிஷன் பாதிரிமார் எழுதிக் குவித்திருக்கிறார்கள். சாமுவேல் மட்டீரின் இரண்டு நூல்கள் 1871இலும் 1883இலும் வந்தன. அடித்தட்டு மக்களின் வீடு, கூலி, துணி, பேய் பிடித்தல் என அரசு நூல்கள் எட்டிப் பார்க்காத இடமெல்லாம் இவற்றில் இருக்கும். கூடவே, "நாங்கள் வரும் முன் இருட்டு" என்ற தொனியும் வரும். அய்யாவழி என்ற சமய மரபைத் தொடங்கிய அய்யா வைகுண்டரைப் பற்றி மிஷன் அறிக்கைகள் எழுதியதை வாசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். அவரை அவர்கள் போட்டியாளராகத்தான் பார்த்தார்கள்.

மூன்றாவது கல்வெட்டு, செப்பேட்டு அடுக்கு. கோபிநாத ராவ் 1910இல் தொடங்கிய திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை இதில் முதன்மை. கன்னியாகுமரி பகவதி கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இதன் மூன்றாம் தொகுதியில் இருக்கிறது.

நான்காவது பல்கலைக்கழக அடுக்கு: நாடார்களைப் பற்றி ஹார்ட்கிரேவ் (1969), நாயர் ஆதிக்கத்தின் சரிவைப் பற்றி ராபின் ஜெஃப்ரி (1976), மிஷனரிகளையும் இந்து அரசையும் பற்றிக் கவாஷிமா (1998).

ஐந்தாவது நம்மவர் அடுக்கு. கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் வெளியிட்ட நூல், ஒரே ஒரு கோயிலை வைத்து ஒரு நாட்டின் சமூகத்தையே எழுத முடியும் என்று காட்டியது. அ. கா. பெருமாள் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளை வைத்து எழுதியதும் அப்படித்தான். அடிமை விற்ற ஓலைகள் கூட அந்தக் கட்டில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேரூர்க்காரரான கவிமணியைக் கவிஞர் என்று மட்டும் நினைத்திருப்போம். அவர் கல்வெட்டையும் ஓலையையும் தேடி அலைந்த ஆய்வாளரும்கூட.

ஒரே கேள்விக்கு இரண்டு அடுக்கிலிருந்தாவது நூல் எடுக்க வேண்டும். ஒற்றை அடுக்கில் நின்றால் ஒற்றைக் கண்.

மூன்றாம் படி: எங்கே கிடைக்கும்

பழைய ஆங்கில நூல்கள் பெரும்பாலும் பதிப்புரிமை காலம் கடந்தவை, ஆர்கைவ்.ஆர்க் தளத்தில் ஸ்கேன் செய்த படிகள் இருக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தமிழில் ஆய்வு நூல்கள் போடும் காலச்சுவடு பதிப்பகமும் நாகர்கோவிலில்தான். ரயில் ஏறினால் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்கே 1829இல் தொடங்கிய பொது நூலகமும், அரசு ஆவணக் காப்பகமும் உள்ளன. போகும் முன் என்ன அடையாளச் சீட்டு, என்ன கடிதம் வேண்டும் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நூலகத்துக்கு நான் கேட்காமல் போய், வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டு ஒரு சாயா குடித்துத் திரும்பியிருக்கிறேன்.

நான்காம் படி: பின்னாலிருந்து முன்னுக்கு

நூல் கைக்கு வந்ததும் இந்த வரிசையில் போங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பார்த்து முதல் பதிப்பு ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பு ஆண்டைப் பார்த்துப் புதிய நூல் என்று நம்பிவிடக் கூடாது. அப்புறம் கடைசிக்குப் போய்ச் சொல்லடைவில் உங்கள் ஊர், உங்கள் கேள்வி தொடர்பான பெயர்கள். பிறகு துணைநூற்பட்டியல்: இவர் ஆவணக் காப்பகத்துக்குப் போனாரா, அச்சு நூல்களை மட்டும் வைத்து எழுதினாரா? மலையாளம் படித்தாரா, தமிழ் படித்தாரா, ஆங்கிலம் மட்டுமா? இதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு முடிவுரை, முன்னுரை, கடைசியாக உள்ளே உள்ள இயல்கள். எல்லா இயலையும் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சொல்லடைவில் தேடும்போது பெயர்கள் மாறுவேடம் போட்டிருக்கும். கன்னியாகுமரி 'கேப் கோமரின்' ஆகியிருக்கும், குளச்சல் 'கொலாச்செல்' ஆகியிருக்கும், இரணியல் 'எரணியேல்' ஆகியிருக்கும். உதயகிரிக் கோட்டையைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் புலியூர்க்குறிச்சி என்று தேடுங்கள். சாதிப் பெயர்களும் பழைய நூல்களில் இன்று நாம் வாயில் எடுக்காத வடிவத்தில்தான் இருக்கும். மனம் சுருங்கும், ஆனால் அந்தச் சொல்லில் தேடாவிட்டால் அந்தப் பக்கமே கண்ணில் படாது.

தேடலை மாவட்டத்துக்கு வெளியேயும் வீசுங்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு இணையக் கேட்டுப் போராடியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி நல்ல பக்கங்கள் ராம் மனோகர் லோகியாவைப் பற்றிய நூல்களில் கிடைக்கும். அப்போது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு ஆட்சியில் இருந்தது. அதே கட்சியின் பொதுச் செயலாளர் லோகியா, தன் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்றார். மார்த்தாண்டத்துத் தெருவில் விழுந்த குண்டு ஒரு அகில இந்தியக் கட்சியை உலுக்கியது என்பது, இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியைப் பற்றிய நம் நூல்களில் மட்டும் நின்றால் சரியாகத் தெரியாது.

ஐந்தாம் படி: கொல்லம் ஆண்டும் சக்கரமும்

திருவிதாங்கூர் ஆவணம் எதைத் தொட்டாலும் கொல்லம் ஆண்டு. அது பொது ஆண்டு 825இல் தொடங்கியது. ஆண்டுப் பிறப்பு சிங்கம் 1, அதாவது நம் ஆவணி. அதனால் ஒரே எண்ணை எப்போதும் கூட்ட முடியாது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய வரும் தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு சின்னக் கூட்டத்தில், ஆலயப் பிரவேசப் பிரகடனம் கொல்லம் 1112இல் வந்தது, ஆகவே 1937 என்று அடித்துப் பேசினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் கையைத் தூக்கினார். "மக்கா, அது துலா மாசமாக்கும். இருபத்தி நாலுல்லா கூட்டணும்?" துலாம் என்றால் ஐப்பசி. 1112 துலாம் 27 என்பது 1936 நவம்பர் 12. ஒற்றை எண்ணில் ஒரு வருடம் போச்சு. அய்யாவழி மரபில் வைகுண்டர் கடலிலிருந்து வெளிப்பட்ட நாள் 1008 மாசி 20 என்பார்கள். மாசி, ஜனவரிக்குப் பிறகு. 825 கூட்டினால் 1833. இந்த இரண்டு தேதியையும் போட்டுப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒரு நூலில் கொல்லம் ஆண்டும் பொது ஆண்டும் அருகருகே இருந்தாலும் நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். அச்சான நூல்களிலும் இந்த ஒரு வருடப் பிசகு வரும்.

அடுத்தது பணம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். "கையில சக்கரம் இல்ல" என்று வயதானவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால், அந்தச் சக்கரம்தான் இது. நூலில் ஒரு வரியோ கூலியோ வந்தால் உடனே இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள். அதே காலத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு, ஒரு கோட்டை (பழைய அளவு) நெல் என்ன விலை என்று அதே நூலுக்குள் தேடுங்கள். அதுதான் உண்மையான அளவுகோல்.

ஆறாம் படி: ஒரு பிரகடனத்தைக் கடைசிச் சொல் வரை

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நூல்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதுதான் இந்த முழு முறையின் உயிர். சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

மேடையில் நாம் கேட்பது: 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் போட்டார், உரிமை கிடைத்தது. சரி. இப்போது நாகம் அய்யாவில் அந்தப் பிரகடனத்தைப் பாருங்கள். சாணார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் (ரவிக்கை போன்ற சட்டை) போடலாம். எந்த மதத்துச் சாணார் பெண்ணாயினும் முக்குவ (மீனவ) பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஒரு வால்: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் கூடாது.

இந்த வாலை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேல்சாதிப் பெண்கள் உடுத்தியது என்ன? தோளில் போடும் சீலை. போராட்டத்தின் பெயரிலேயே இருக்கும் அந்தத் தோள்சீலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அந்த ஆணை கொடுத்தது. மறைப்பது மட்டுமே பிரச்சினை என்றால் குப்பாயத்தோடு எல்லாம் அடங்கியிருக்கும். சமமாக உடுத்துவதுதான் பிரச்சினை.

இனி மற்ற நூல்களுக்குப் போனால் ஒவ்வொன்றும் எதைப் பார்க்கிறது என்று பளிச்சென்று தெரியும். அரசு நூலுக்கு இது அமைதி குலைந்த கதை. திவான் மாதவ ராவ் நிதானமாகச் சமாளித்த கதை. மிஷன் நூலுக்கு இது சபையார் பட்ட பாடும், சென்னை கவர்னர் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியும். ஹார்ட்கிரேவுக்கு இது ஒரு சமூகம் மேலே ஏறிய நீண்ட பாதையில் ஒரு படி. எல்லாருக்கும் அதே பிரகடனம்தான் கையில். நீங்கள் குறிக்க வேண்டியது, யார் எந்த வரியை விட்டார்கள் என்பதை.

ஏழாம் படி: அறிஞர்கள் சண்டை போடும் இடத்தில் நில்லுங்கள்

"காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்பது முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி. கலம் என்றால் கப்பல், சேரனின் கப்பற்படையை அழித்தான் என்று ஒரு சாரார். கலம் என்றால் உண்கலம், சாலை என்றால் ஊட்டுப்புரை என்று இன்னொரு சாரார். சாலை ஆயுதப் பயிற்சிக் கூடம் என்று வேறொரு வாதம். கவிமணியும் இந்த வழக்கில் இறங்கி எழுதியிருக்கிறார்.

இதில் நாம் எங்கே வருகிறோம்? தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பார்த்திவசேகரபுரச் செப்பேடு இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், 866 வாக்கில், முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கிக் கோயில் எடுத்து, காந்தளூர் முறைப்படி 95 சாத்தர்களுக்கு ஒரு சாலையும் வைத்தான் என்கிறது அது. சாத்தர் என்றால் மாணவர். ஒருவரை ஒருவர் வைதால் தண்டம், அடித்தால் தண்டம், ஆயுதத்தோடு வரக் கூடாது என்று விடுதி விதிகள் வேறு. (ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் ஹாஸ்டல் வார்டன்களின் பிரச்சினை மாறவில்லை.) ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று விதி போட வேண்டியிருந்தால் அவர்களிடம் ஆயுதம் இருந்திருக்கிறது என்று ஒருவர் வாதிடலாம்; அது படிக்கிற இடம் என்பதற்கே இது சான்று என்று மற்றவர் சொல்லலாம். ஒரே வரி, இரண்டு பக்கமும் சாட்சி.

இங்கே வாசகர் தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்சியும் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். எனக்கு ஊட்டுப்புரைக் கட்சி ஒல்லியாகத் தோன்றுகிறது. வெறும் சோறு போடும் இடத்துக்கு இவ்வளவு சட்டதிட்டம் எதற்கு? ஆனால் இது என் ஊர்ப் பாசமாகவும் இருக்கலாம்.

எட்டாம் படி: குறிப்பெடுத்தல்

சுருக்கமாகச் சொல்கிறேன். நூலின் சொல்லுக்கு ஒரு நிற மை, உங்கள் எண்ணத்துக்கு இன்னொரு நிறம். பக்க எண் இல்லாத குறிப்பு குப்பை. போனில் படம் எடுத்தால் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அது எந்த நூலின் பக்கம் என்று உங்களுக்கே தெரியாது.

ஒன்பதாம் படி: நூலைத் தூக்கிக்கொண்டு நேரில் போங்கள்

மற்ற ஊர் வாசகருக்கு வாய்க்காத வசதி நமக்கு: சான்றெல்லாம் பஸ் தூரத்தில். சிதறால் மலையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி பகவதிக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. அச்சில் படித்துவிட்டுப் பாறை முன்னால் நின்றால் வட்டெழுத்தில் இரண்டு எழுத்தாவது பிடிபடும்.

புலியூர்க்குறிச்சிக்குப் போய் உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுக்காரர் டி லனாயின் கல்லறையைப் பாருங்கள். லத்தீனும் தமிழும் அதில் உண்டு. 1777இல் இறந்தார், கிட்டத்தட்ட 37 ஆண்டு அரசருக்கு விசுவாசமாகச் சேவை செய்தார் என்கிறது லத்தீன். கழித்துப் பாருங்கள், குளச்சல் போர் நடந்த 1741க்கு வெகு அருகில் வந்து நிற்கும். போரில் எதிரியாக வந்து பிடிபட்டவர், அதே சூட்டில் மார்த்தாண்ட வர்மாவின் பக்கம் வந்துவிட்டார் என்பதை எந்த நூலையும்விடக் கச்சிதமாக அந்தக் கழித்தல் கணக்கு சொல்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் அங்கே மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது தனி வருத்தம்.

பத்தாம் படி: வீட்டுப் பரண்

கடைசியாக, உங்கள் வீட்டுப் பழைய பிரமாணங்களை (பத்திரங்களை) எடுங்கள். தாத்தா காலத்து நில ஆவணத்தில் கொல்லம் ஆண்டு, தாலுகா, பகுதி (வருவாய்க் கிராமம்), தண்டப்பேர் (நிலவரிப் பதிவேடு) எண், விலை இவ்வளவு பணம் என்று எல்லாம் இருக்கும். ஐந்தாம் படியில் பழகிய கணக்கு இங்கே கைகொடுக்கும். நாஞ்சில் நாட்டு வீடானால் 1926ஆம் ஆண்டு வேளாளர் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எழுதிய பாகப் பத்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சொத்து மருமகனுக்கு (சகோதரியின் மகனுக்கு) போவதும் மகனுக்குப் போவதும் பெயர் வரிசையிலேயே தெரியும். ஓலையோ மலையாண்மை (பழைய மலையாள) எழுத்தோ வந்தால் படிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

ஒன்று மட்டும்: ஓலைக்கு எண்ணெய் பூசுவது, பழைய தாளை லேமினேட் செய்வது, செல்லோடேப் ஒட்டுவது எதுவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.